முழங்கால் வரை

மத்திகிரி
9 ஜூன் 2024

அன்புள்ள செல்வி,

நீ மடத்துக்குப் போய் ஐந்து மாதமாகிறது. நவதுறவு முடிகிற வரைக்கும், இந்த ஒரு வருஷமும், போனைத் தொடக்கூடாது, கடிதம்தான் என்று கிளம்பும்போது சொன்னாய். எழுதுகிறேன் என்று நானும் தலையாட்டினேன். எழுதவில்லை. இப்போது ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதனால்தான் அண்ணன் எழுதுகிறான் என்று நினைப்பாய். உண்மைதான்.

நான் இப்போது வீட்டில் இல்லை. கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் வேலை செய்யும் மாதேஷின் ரூமில் இருக்கிறேன். மத்திகிரியிலேயேதான், நம் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி. அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா காய் வாங்க வருவதுபோல வந்து பேசிவிட்டுப் போகிறார்.

வேறு யாராவது உனக்கு எழுதியிருந்தால் தப்பாகத்தான் எழுதியிருப்பார்கள். நானே சொல்கிறேன்.

நான் ஓடுகிறவன் என்பது உனக்குத் தெரியும். ஷிஃப்ட் முழுக்க ஒரே இடத்தில் நின்று போல்ட் முறுக்குகிறவனுக்கு, கால் ரெண்டும் தன்னுடையதுதானா என்று சந்தேகமே வந்துவிடும். மாட்டுப்பண்ணை ரோட்டில் ஓடினால்தான் எனக்கு அது தீரும். தூரத்தைக் கூட்டக் கூட்ட ஒரு தொல்லை வந்தது. உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. டிரவுசரின் உள்தையல் வியர்வையில் ஊறித் தொடையிடுக்கை அறுத்தது. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கம்பெனியில் காலை அகட்டி அகட்டி நடந்தேன். தேங்காய் எண்ணெய், பவுடர், மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்பு, எதற்கும் மசியவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டும் ஒரு நாள் ஓடினேன். பண்ணை கேட்டைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிட்டது. கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மார்ச்சில் பெங்களூரில் ஓர் ஓட்டப் போட்டிக்குப் போயிருந்தேன். என் வயசுதான் இருக்கும், தொப்பை வேறு, ஒருத்தன் முழங்கால் வரைக்கும் மடிப்பு வைத்த சாம்பல் நிற ஸ்கர்ட் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். முடிவில் தண்ணீர் கொடுக்கிற இடத்தில் அவனைப் பிடித்து, எனக்குத் தெரிந்த கன்னடத்தில், "ஏனப்பா இது?" என்று கேட்டேன். வெளிநாட்டில் ஆண்கள் இதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள், மலை ஏறுகிறார்கள், கில்ட் என்று ஒரு வகையே இருக்கிறது என்றான். பிறகு தொடையில் ரெண்டு தட்டு தட்டி, "காளி, காளி" என்று சிரித்தான். கன்னடத்தில் காளி என்றால் காற்று.

அம்மாதான் தைத்துக் கொடுத்தார். இது அப்பாவுக்குத் தெரியாது, நீயும் எழுதிவிடாதே. அடர்நீலத் துணி, பக்கவாட்டில் போன் வைக்க ஒரு பாக்கெட். அளவெடுக்கும்போது அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உனக்குப் பாவாட தைப்பேன்னு கனாவுலகூட நெனைக்கலடா" என்றார். தைத்து முடித்துவிட்டு, "பொறத்தால தூக்காம இருக்குதான்னு திரும்பு பாப்பம்" என்று என்னைச் சுற்றிவரச் சொன்னார்.

பண்ணைக்குத் தீவனம் கொண்டுபோகிறவர்கள் முதல் வாரம் பார்த்தார்கள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பைக்கில் மூன்று பேர் மட்டும் பின்னாலேயே வந்து படம் எடுத்து, ஒரு பாட்டைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அது கம்பெனி குரூப்புக்கு வந்தது. நம் பங்குக் கோயில் இளைஞர் குரூப்புக்கும் போயிருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து அப்பா பீடத்தில் மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டிருந்தபோது யாரோ கொண்டுபோய்க் காட்டிவிட்டார்கள். கோயில்பிள்ளை மகன் பாவாடையில் ஓடுகிறான் என்று.

நான் ஓடிவிட்டு வந்தபோது அப்பா வாசலை மறித்து நின்றார்.

"அதக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வா."

"இங்கயாப்பா? ரோட்டுலயா?"

கிண்டலுக்குச் சொல்லவில்லை செல்வி, சத்தியமாக. அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"அப்ப ரோட்டுலயே இரு" என்று கதவைச் சாத்திவிட்டார்.

தெருவில் பாதி ஆம்பளைகள் லுங்கியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டுதான் திரிகிறார்கள். பங்குச் சாமியாரின் அங்கி கணுக்கால் வரைக்கும் தொங்குகிறது. இதை அம்மா மூலம் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அது பூசைக்கு, இது ரோட்டுக்கு" என்று பதில் வந்தது.

நீ ஒரு கடிதம் எழுதினால் போதும். துறவியாகப் போகிற மகள் சொன்னால் அப்பா தட்டமாட்டார். எழுது. சீக்கிரம் எழுது.

உன் அண்ணன்,
மைக்கேல்ராஜ்


மரியே வாழ்க

கோத்தகிரி
22 ஜூன் 2024

அண்ணா,

கடிதம் வந்தது. அப்பாவுக்கு நான் எழுதமாட்டேன். கடைசி வரை படித்துக் காத்திருந்து ஏமாற வேண்டாம் என்று இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

அம்மா உன்னைச் சுற்றிவரச் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் முன்னால் 'காற்று' என்று எழுதியிருந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். சிரிப்பு நின்றுவிட்டது.

நான் ஓடிக்கொண்டிருந்தேன் என்பது உனக்கு நினைவிருக்கிறதா? பிளஸ் ஒன்னில் குறுவட்டப் போட்டி எண்ணூறு மீட்டரில் முதலாவதாக வந்தேன். அடுத்தது கிருஷ்ணகிரியில் மாவட்டப் போட்டி. அதற்கு முந்தின நாள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். யாரோ அவரிடம், 'உங்க பொண்ணு தொட தெரிய ஓடுதாமே' என்று சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டு டீச்சர் சாந்தம்மாவிடம் போய் நின்றார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"சுடிதார்ல ஓடட்டும்ங்க" என்றார் அப்பா.

"சுடிதார்ல ஓடுனா கால் தடுக்கும்ங்க. விழுந்துடுவா."

"அப்ப ஓட வேணாம்ங்க."

அவ்வளவுதான் பேச்சு. டீச்சர் என் பெயரை அடித்தார். என் டிரவுசர் முழங்காலுக்கு நாலு விரற்கடை மேலே இருந்தது. உன் பாவாடை முழங்கால் வரைக்கும் என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, அடக்கமாகத்தான் இருக்கிறது.

நீ அப்போது சேலத்தில் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தாய். பொங்கலுக்கு வந்தாய். கட்டிலுக்கு அடியில் கிடந்த என் ஷூவைக் காலால் தள்ளி, "யார்து இது, வழியில?" என்று கேட்டாய். ஏன் ஓடவில்லை என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. உன்னை மூன்று பேர் படம் எடுத்துச் சிரித்தவுடன் ஊர் முழுக்க அநியாயமாகிவிட்டது உனக்கு. ரெண்டு தெரு தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டாய். நான் போவதற்கு எந்தத் தெரு இருந்தது?

அதனால்தான் இங்கே வந்தேன் என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைத்துவிடாதே. என் தேவ அழைத்தல் பொய்யில்லை.

இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்துவிடலாம் என்றால், வெளியே போகிற கடிதங்களை எங்கள் பொறுப்பாளர் சிஸ்டர் லிபியா பார்ப்பார்கள். அடித்த வரியைத்தான் முதலில் படிப்பார்கள். இருக்கட்டும்.

புண்ணுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடு.

செல்வி


மத்திகிரி
8 ஜூலை 2024

செல்வி,

எனக்குத் தெரியாது. பரீட்சை வருகிறதென்று நீயே விட்டுவிட்டாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ ஒரு வாரம் சரியாச் சாப்புடல" என்றார்.

அப்பாவுக்கு எழுத வேண்டாம். நான் கேட்டதே தப்பு.

இங்கே எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது. எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அக்டோபரில் ஓசூரில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம். எங்கள் கம்பெனி டீமில் என் பெயர் இருக்கிறது. எச்.ஆரில் கௌதம் என்று ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன்தான், காபி கொடுத்தார்.

"மைக்கேல், எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல. ஆனா கம்பெனி பேரு போட்ட டீ-ஷர்ட்டுக்குக் கீழ பாவாடைன்னா மேல கேப்பாங்க. ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துடுங்க, ஸ்கின் ப்ராப்ளம்னு. அப்புறம் ஒருத்தனும் வாயைத் தெறக்க மாட்டான்."

அன்றைக்கு சாயங்காலமே அம்மா வந்தார். அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். பங்குச் சாமியாரும் அப்பாவும் பேசியிருப்பார்கள்போல.

"புண்ணுக்கோசரம் போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வூட்டுக்கு வந்துடுவியாம். கேக்கறவங்களுக்கு உங்கப்பாவே சொல்லிக்குவாராம், பையனுக்கு வைத்தியம்னு."

பார், கம்பெனியும் கோயிலும் ஒரே பேச்சுப் பேசுகின்றன. வியாதி என்றால் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். மாதேஷ்கூட, "வாங்கிக் குடுத்துடு மாமா, எனக்கும் கூட ஓடுறதுக்கு நல்லாருக்கும்" என்கிறான். அவன் இப்போது எனக்குப் பத்தடி பின்னால் ஓடுகிறான். பார்க்கிறவர்களுக்கு ரெண்டு பேரும் வேறு வேறு ஆள்.

வாங்கிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் செல்வி, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். புண் ஆறிவிட்டது. பாவாடை போட்ட மறு வாரமே ஆறிவிட்டது. இப்போது டிரவுசரையே நல்ல துணியில், தையல் உறுத்தாமல் வாங்கிக்கொள்ளலாம். கடையில் இருக்கிறது. எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பிடித்திருக்கிறது. முட்டி தூக்கும்போது துணி தடுப்பதில்லை. இறக்கத்தில் ஓடினால் மடிப்பு விரிந்து காற்று உள்ளே போகிறது. பண்ணை ஏரி திரும்புகிற இடத்தில் எதிர்க்காற்று வரும், அந்த இடத்துக்காகவே ஓடுகிறேன். முப்பது வயசு ஆம்பளை, மோட்டார் சைக்கிள் லைனில் வேலை, இதை யாரிடம் சொல்வது? நீ கோபத்தில் இருக்கிறாய். ஆனாலும் உன்னிடம்தான் சொல்ல வருகிறது.

மைக்கேல்


மரியே வாழ்க

கோத்தகிரி
28 ஜூலை 2024

அண்ணா,

சர்டிபிகேட்டை வாங்கு. வீட்டுக்குப் போ.

அம்மாவுக்குச் சர்க்கரை. காய் வாங்குகிற சாக்கில் ரெண்டு தெரு நடந்து உன்னைப் பார்த்துவிட்டு, வீட்டில் போய் ஒன்றும் தெரியாததுபோல் அப்பாவுக்குச் சோறு போடுகிறார். உன் காற்றுக்காக அவர் எத்தனை நாள் இப்படி நடப்பார்? புண் இருந்தது நிஜம்தானே. இருந்ததை இருக்கிறது என்று சொல்வது பெரிய பொய்யா? எல்லா உண்மையையும் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டளையும் இல்லை. பத்துக் கட்டளைகளையும் இந்த வாரம் நாங்கள் மறுபடி படித்தோம், அதனால் நிச்சயமாகச் சொல்கிறேன்.

நான் கீழ்ப்படிதல் பழகிக்கொண்டிருக்கிறேன். போன கடிதத்தைப் படித்துவிட்டு சிஸ்டர் லிபியா கூப்பிட்டார்கள். திட்டுவார்கள் என்று போனேன். திட்டவில்லை. "நீ நடக்கும்போது பின்னால் யாரோ துரத்துவதுபோல் நடக்கிறாய். தாழ்வாரத்தில் உன் செருப்புச் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகத் தெரியும்" என்றார்கள். அதிலிருந்து மெதுவாக நடக்கிறேன். காலையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே தேயிலைத் தோட்டத்து ரோட்டில் நடப்போம். எல்லாருக்கும் பின்னால் நான் வருகிறேன். கெண்டைக்கால் வலிக்கிறது. மெதுவாக நடந்தால் இப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

'பிடித்திருக்கிறது' என்று நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குப் போ அண்ணா. ஓடுவதை வேறு ரோட்டில் ஓடிக்கொள்.

செல்வி


மத்திகிரி
11 ஆகஸ்ட் 2024

செல்வி,

நீ சொன்னாய் என்று போனேன். ஓசூரில் ஒரு தோல் டாக்டர். வரிசையில் உட்கார்ந்து உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"காட்டுங்க" என்றார். காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லையே. நல்லா ஆறிடுச்சு."

"ஆமாங்க டாக்டர்."

"அப்ப சர்டிபிகேட் எதுக்குங்க?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். நான் எழுந்து பேன்ட்டை மாட்டிக்கொண்டு, கும்பிடு போட்டு வெளியே வந்துவிட்டேன். கேட்டிருந்தால் எழுதிக்கூடக் கொடுத்திருப்பார்.

கௌதமிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். டீமிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். என் சொந்தப் பேரில் ஓடிக்கொள்கிறேன் என்று பதிந்துவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் பதில் சொல்லி அனுப்பவில்லை. அம்மாவிடம் "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

உன் பேச்சைக் கேட்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. என்னால் முடியவில்லை.

மைக்கேல்


மத்திகிரி
22 செப்டம்பர் 2024

செல்வி,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. கோபமா, அனுமதியில்லையா, உடம்பு சரியில்லையா, ஒன்றும் தெரியவில்லை. எதுவானாலும் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உன் விஷயமும் இதில் இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பண்ணை ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல மாதேஷ் பத்தடி பின்னால். அந்த மூன்று பேர் பைக்கில் வந்தார்கள். இவ்வளவு நாள் படம் எடுப்பதோடு சரி. இன்றைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்து, பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் பாவாடை ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டான். பைக் போகிறது, நானும் கூடவே ஓட வேண்டியதாகிவிட்டது. விடச் சொன்னேன். அவன் ஒரு சுண்டு சுண்டினான். இடுப்புப் பட்டை பிய்ந்தது. நான் ஜல்லியில் விழுந்தேன். முட்டி கிழிந்தது. மாதேஷ் கத்திக்கொண்டே ஓடிவந்து பைக்கின் சாவியைப் பிடுங்கினான். அவர்கள் இறங்கி அவன் சட்டையைப் பிடித்தார்கள்.

அப்போதுதான் அப்பா மொபெட்டில் வந்தார். முதல் பூசைக்குக் கோயிலைத் திறக்க அந்த வழியாகத்தான் போவார். இத்தனை மாதமாக அந்த நேரத்துக்கு நான் ஏரிப் பக்கம் திரும்பிவிடுவேன். இன்று விழுந்து கிடந்ததில் நேரம் தவறிவிட்டது.

வண்டியை நிறுத்தினார். அதில் ஒருவன், "ஐயா, பாருங்கய்யா, இவன் பாவாட கட்டிகினு ஊருக்குள்ள..." என்று ஆரம்பித்தான்.

"எம்பையன்தான்" என்றார் அப்பா. "அந்தத் தம்பி மேல இருந்து கைய எடு."

குரலை உயர்த்தவே இல்லை. அவன் கையை எடுத்துவிட்டான். மாதேஷ் சாவியைத் தூரப் போட்டான். அவர்கள் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் பிய்ந்த இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா கிட்டே வந்து அந்தக் கிழிசலைப் பார்த்தார்.

"உங்கம்மா தையலா இது?"

நான் கிழிசலைக் கையால் மூடினேன்.

"எனக்குத் தெரியாதா? ரெட்டத் தையல் போடுவா. அதனாலதான் மொத்தமாப் பிச்சிக்கல" என்றார். பீடத் துணிக்குக் குத்துகிற ஊக்கு எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். ரெண்டு எடுத்துக் கொடுத்தார். "குத்திக்கோ."

குத்திக்கொண்டேன். அப்போது மெதுவாக, மாதேஷ் காதில் விழாதபடி கேட்டார்.

"புண்ணு இன்னும் ஆறலையாடா?"

அவர் எனக்கு வழி வைத்துத்தான் கேட்டார். ஆறலப்பா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட்டிருப்பேன்.

"ஆறிடுச்சுப்பா. ஆறி ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் எதுக்கோசரம்டா இது?"

"நல்லாருக்குதுப்பா. ஓடுறதுக்கு நல்லாருக்குது. வேற ஒண்ணும் இல்ல."

அவர் ரோட்டைப் பார்த்தார். திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது. அந்த ஆத்திரத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. சொல்லிவிட்டேன் செல்வி. "செல்விக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும். நாலு வெரக்கட மேல இருக்குதுன்னு நிறுத்துனீங்களே" என்று.

"அவ எழுதுனாளா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் மொபெட்டின் கைப்பிடியையே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"அவ ஓடி நான் பாத்ததே இல்லடா."

அவ்வளவுதான். "ஓடு, நான் வர்றேன்" என்று வண்டியைக் கிளப்பினார். நான் ஊக்குக் குத்திய பாவாடையோடு முன்னால் ஓட, அவர் என் பின்னாலேயே மெதுவாக வந்தார், கோயில் கேட் வரைக்கும். முதல் பூசைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இன்று மணி தாமதமாக அடித்தது.

அவர் பேசியது அவ்வளவே. வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. நானும் போகவில்லை. முட்டி வலிக்கிறது. பத்து கிலோமீட்டருக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கிறது.

ஒரு வரியாவது எழுது.

மைக்கேல்


மரியே வாழ்க

கோத்தகிரி
15 அக்டோபர் 2024

அண்ணா,

நீ சொல்லியிருக்கக் கூடாது. அது உன்னிடம் நான் சொன்னது. அப்பாவிடம் சொல்வதாக இருந்தால் நானே சொல்லியிருப்பேன். சொல்லியிருக்கமாட்டேன், அது வேறு. ஆனாலும் அது என்னுடையது. உன் ஆத்திரத்துக்கு எடுத்து வீச என் கதை உனக்குக் கிடைத்ததா?

இப்படி எழுதி ஒரு கடிதத்தைப் பத்து நாள் முன்பே முடித்து வைத்திருந்தேன். அனுப்பவில்லை. ஆகஸ்டில் நான் பதில் எழுதாததற்கும் காரணம் ஒன்றும் பெரிதில்லை. டாக்டர் கேட்ட கேள்வியை நீ எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு உனக்கு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு பார்வையாளர் நாள். யாரும் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அப்பா வந்திருந்தார். தனியாக. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம். முகம் வெளுத்திருந்தது. வாந்தி எடுத்திருக்கிறார். எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். அம்மா கொடுத்தனுப்பிய பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, வேளாங்கண்ணி மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் உன்னைப் பற்றித்தான் ஆரம்பித்தார். ஓசூர் ஓட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டோரம் நின்றாராமே. உனக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் அவர் சொன்னார். ஒரு லாரிக்குப் பின்னால் நின்றார்களாம்.

"முன்னால எல்லாம் வரல, நடுவாலதான் வந்தான். சிரிக்கிறவங்க சிரிச்சிகினுதான் இருந்தாங்க. உங்கம்மா அழுவறா. எதுக்குடீ அழுவறன்னா, மடிப்பு நல்லா விழுந்துருக்குதுங்கறா." எலுமிச்சைத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். "அவன் யாரையும் பாக்கலம்மா. நேராப் பாத்துகினே போறான். எனக்கு அதப் பாத்ததும் வேற என்னமோ ஆயிடுச்சு."

"அண்ணன் வீட்டுக்கு வந்துட்டானாப்பா?"

"சோத்துக்கு வர்றான். படுக்கறதுக்கு அந்தப் பையன் ரூமுக்குப் போயிடறான். பேசிக்கல இன்னும்."

நீ எழுதவில்லை பார், வீட்டில் சாப்பிடுவதை. இருக்கட்டும்.

வெளியே பனி விலகிக்கொண்டிருந்தது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, "நீ எப்பிடி ஓடுவ?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. "எப்பிடின்னா?"

"எனக்குத் தெரியாதும்மா. நான் பாத்ததில்ல. ஒருத்தங்க வந்து சொன்னத வச்சிகினு இஸ்கூலுக்கு வந்துட்டேன்." மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எழுந்து போய், தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்த சிஸ்டர் லிபியாவைக் கும்பிட்டார்.

"சிஸ்டர், எம்பொண்ணு கொஞ்சம் ஓடலாங்களா?"

நான் பயந்துவிட்டேன். சிஸ்டர் லிபியா அவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். விதிமுறையில் இப்படி ஒரு கேள்விக்குப் பதில் இருக்காது என்று நினைக்கிறேன். "தோட்டத்து ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை வண்டி வராது" என்று மட்டும் சொன்னார்கள். ஆனால் உள்ளே போகவில்லை. அவர்களும் கூட வந்தார்கள்.

டிசம்பரில் நான் முதல் வார்த்தைப்பாடு கொடுத்துத் துறவியாக வேண்டும். கொடுப்பேனா என்று கேட்டால் இன்றைக்கு எனக்குத் தெரியாது. இதை நேற்று சிஸ்டர் லிபியாவிடமே சொன்னேன். "தெரியாது என்று சொல்வதற்கு இன்னும் ரெண்டு மாதம் இருக்கிறது" என்றார்கள். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அம்மாவிடம் இப்போது சொல்லாதே. இதையாவது உன்னிடமே வைத்துக்கொள்.

ரோட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றினேன். ரெண்டு எட்டு வைத்ததும் அங்கி காலில் சுற்றிக்கொண்டது. கணுக்கால் வரைக்கும் கனமான துணி அண்ணா, நீ போடுகிறாயே அது மாதிரி இல்லை, இதற்குள் ஒரு காற்றும் போகாது. நின்றேன். குனிந்து ரெண்டு பக்கமும் தூக்கி இடுப்புக் கயிற்றில் செருகிக்கொண்டேன். முட்டி தெரிந்தது. அப்பா பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அந்தச் சவுக்கு மரம் வரைக்கும் போயிட்டு வா" என்றார்.

ஓடினேன். முதலில் மூச்சு கிடைக்கவில்லை, மலைக்காற்று நெஞ்சில் குத்தியது. ரோடு ஈரமாக, குளிராக இருந்தது. உள்ளங்காலில் சின்னக் கற்கள். பிறகு எங்கேயோ கால் தானாகப் பிடித்துக்கொண்டது. கை எப்படி வீச வேண்டும் என்று கைக்கு நினைவிருந்தது. முக்காடு பின்னால் நழுவுவது தெரிந்தது, பிடிக்கவில்லை. பின்னால் அப்பா ஏதோ சொன்னார், என்னவென்று கேட்கவில்லை. சவுக்கு மரம் வந்தது.

நான் நிற்கவில்லை அண்ணா.

செல்வி